கிளியூரில் மூன்று இரவுகள்

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

“பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு” என்று பெரியவர்கள் சொல்வார்கள். எந்த ஊருக்குப் போனாலும் அவ்வூராரோடு ஒன்றிப் பழக வேண்டும், அவர்கள் உண்பதை முகம் சுளிக்காமல் உண்ண வேண்டும் என்பது இதன் கருத்து. தமிழ் வகுப்பில் இப்பழமொழியை விரித்தெழுதிப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். ஆனால் அதன்படி நடப்பது எத்துணைக் கடினம் என்பதைக் கற்றுக்கொள்ள நாங்கள் கடல் கடந்து போகவில்லை. நம் பள்ளியிலிருந்து நடந்தே போகக்கூடிய ஓர் ஊரில் அதைக் கற்றோம்.

அப்போது நாங்கள் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். அது 2023-ஆம் ஆண்டு. இந்தியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அவ்வாண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. நம் பள்ளியிலும் உணவுக் கண்காட்சி ஒன்று வைப்பதென முடிவாயிற்று. சேர்வராயன் மலையில் வாழும் மக்களின் உணவைப் பற்றி எழுதும் பொறுப்பு விடுதி மாணவிகளாகிய எங்கள் மூவருக்கும் கிடைத்தது. எங்களில் ஒருத்திக்குச் சென்னை, ஒருத்திக்குத் திருச்சி, ஒருத்திக்குச் சேலம் நகரம். உடனே நூலகத்துக்கு ஓடி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்து சிஸ்டரிடம் பெருமையோடு நீட்டினோம். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, “இதில் மணம் வரவில்லையே, பிள்ளைகளே! காலாண்டு விடுமுறையில் ஒரு வீட்டில் தங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுங்கள்” என்றார்கள்.

எந்த வீட்டில் தங்குவது? எங்கள் வகுப்பில் கிளியூரிலிருந்து தினமும் நடந்து வரும் மாணவி ஒருத்தி இருந்தாள். “மலைக் கிராமத்தில் வீடு உள்ளவர்கள் யார்?” என்று சிஸ்டர் கேட்டபோது அவள் கையைத் தூக்கவில்லை. சிஸ்டருக்குத் தெரியும் என்பதால் அவர்களே அவளுடைய அம்மாவிடம் பேசிவிட்டார்கள். அவள் ஏன் கையைத் தூக்கவில்லை என்பது வகுப்பிலேயே எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும். அதை இப்போது ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள் மதிய உணவு வேளையில் அவள் தன் டிபன் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கறுத்த உருண்டை ஒன்றும் கீரையும் இருந்தன. எங்களில் ஒருத்தி, “இது சாப்பிடவா, சுவர் பூசவா?” என்று கேட்டாள். மற்ற இருவரும் சிரித்தோம். நாங்கள் சிரித்ததைப் பார்த்து மேசை முழுவதும் சிரித்தது. அவள் ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடிவிட்டாள். மறுநாள் முதல் வெள்ளைச் சோறு கொண்டு வந்தாள். அதையும் வராந்தாவின் கோடியில் தனியாக உட்கார்ந்து உண்டாள். நாங்கள் அன்றே அதை மறந்துவிட்டோம். சிரித்தவர்களுக்கு மறப்பது எளிதல்லவா?

புறப்படும் நாளில் எங்கள் பைகளைப் பார்த்திருந்தால் ஏதோ வெளிநாட்டுக்குப் போகிறோம் என்றே எண்ணியிருப்பீர்கள். ரொட்டி ஒரு பாக்கெட், ஜாம் ஒரு பாட்டில், பிஸ்கட்டுகள், சென்னைக்காரியின் அப்பா அனுப்பியிருந்த சீஸ் என்னும் பாலாடைக்கட்டி. “ஒருவேளை அங்கே சாப்பிட முடியாவிட்டால்?” என்பதுதான் எங்கள் கவலை!

ஏற்காடு ஏரியின் உபரி நீர் ஓடி, சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழும் அருவிதான் கிளியூர் நீர்வீழ்ச்சி. சுற்றுலா வருவோர் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாங்களோ அதன் பெயரைத் தாங்கிய ஊருக்குள் நடந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள் தழுவி ஏறியிருந்தன. அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் பச்சைக் காய்களோடு நின்றன. மூடுபனி எங்களுக்கு முன்னே நடந்து வழி காட்டுவது போலிருந்தது. என்னே இயற்கையின் எழில்!

வீட்டு வாசலில் அவளுடைய ஆயா நின்றுகொண்டிருந்தார். “வாங்க கண்ணுங்களா, நடந்தே வந்தீங்களா?” என்று எங்கள் கைகளைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். அம்மாவும் அப்பாவும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஆறு வயதுத் தம்பி ஒருவன் கதவுக்குப் பின்னால் நின்று எங்கள் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று இரவு எங்களுக்கு இலை போட்டார்கள். எங்கள் நெஞ்சு படபடத்தது. என்ன வரப்போகிறதோ? வந்தது வெள்ளைச் சோறு. அப்புறம் ரசம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு அப்பளம். விடுதியில் நாங்கள் உண்ணும் அதே சாப்பாடு! முதலில் எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் எழுதுவதற்கு ஒன்றுமில்லையே என்று தோன்றியது. எங்கள் தோழி பரிமாறினாளே தவிர எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டார் எங்களோடு உட்காரவும் இல்லை.

மறுநாள் காலையில் காரணம் தெரிந்தது. முகம் கழுவக் கொல்லைப்புறம் போனபோது, அடுப்படியில் வீட்டார் அனைவரும் வட்டமாக உட்கார்ந்து முந்தின இரவுக் களியை மோரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் அம்மா கூச்சத்தோடு பாத்திரத்தை மூடினார். “உங்களுக்கு இட்லி வெச்சிருக்கேன் சாமி. இதெல்லாம் உங்களுக்கு ஆகாதுன்னு பாப்பா சொல்லிச்சு” என்றார்.

ஆயா பேத்தியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “இவளுக்கே இப்பல்லாம் களி சேர்றதில்லை கண்ணு. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனா வயிறு வலிக்குதாம். சின்னதுல இருந்து என் கையால தின்னு வளந்தவ. என் கைப்பக்குவந்தான் கெட்டுப்போச்சோ என்னமோ” என்றார்.

எங்கள் தோழி எங்களைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். எங்களைப் பற்றி அவள் வீட்டில் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் கேலியை வயிற்றுவலி என்று பெயர் மாற்றித் தனக்குள்ளேயே வைத்திருந்தாள். அந்தப் பழியோ ஒன்றுமறியாத ஆயாவின் கைப்பக்குவத்தின் மேல் போய் விழுந்திருந்தது. அன்று எங்களுக்கு இட்லி தொண்டையில் இறங்கவில்லை.

பகலில் ஆயா எங்களுக்கு உரலைக் காட்டினார். சாமையை அப்படியே ஆக்க முடியாது. அதன் உமி கடினமானது. உரலில் இட்டு, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்திப் புடைக்க வேண்டும். இப்போதெல்லாம் மில்லுக்குக் கொண்டு போகிறார்களாம். வீட்டுக்குக் கொஞ்சமாக வேண்டுமென்றால் உரல்தான். நாங்கள் மூவரும் மாறி மாறிக் குத்தினோம். அரை மணிக்குள் உள்ளங்கைகளில் கொப்புளம் எழும்பிவிட்டது. நாங்கள் புடைத்தபோது உமி முறத்தில் நின்றது, சாமை தரையில் சிந்தியது! ஆயா சிந்தியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். எங்கள் தோழி உலக்கையை வாங்கி, ஒரே சீராக, பேசிக்கொண்டே குத்தினாள். வகுப்பில் வாய் திறக்காத அவளா இவள் என்று வியந்தோம்.

இம்மக்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்து மலையாளிகள் என்று எண்ணிவிடக் கூடாது. மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. இவர்கள் பேசுவது நம் தமிழேதான். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்றும், அண்ணன் தம்பி மூவரில் ஒருவர் சேர்வராயன் மலைக்கும் மற்றவர்கள் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஆயாவும் அந்தக் கதையைச் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது சாமையும் ராகியும்தான் அன்றாடச் சோறு. நெல்லுச் சோறு பண்டிகைக்குத்தான். பின்னர் ரேஷன் அரிசி வந்தது. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அது விலையில்லாமலே கிடைக்கிறது. பசி தீர்ந்தது உண்மை. ஆனால் கையில் அரிசி இருக்கும்போது உரலில் யார் குத்துவார்கள்? சாமைக் காடுகள் சுருங்கின. “இப்ப நெல்லுச் சோறு தினமும் திங்கிறோம். சாமைச் சோறுதான் பண்டிகை ஆயிருச்சு” என்று ஆயா சிரித்தார்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பையில் பிஸ்கட் இருப்பதைத் தம்பி கண்டுபிடித்துவிட்டான். இனி ஒளிப்பதில் பயனில்லை என்று எல்லாவற்றையும் எடுத்துப் பாயில் பரப்பினோம். ஜாம் தடவிய ரொட்டியை அவன் மூக்கு வரை அப்பிக்கொண்டு தின்றான். சென்னைக்காரி சீஸ் துண்டு ஒன்றை எடுத்து ஆயாவிடம் நீட்டினாள்.

ஆயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். அந்த வாடை அவருக்குப் பிடிக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. ஆனாலும் வாயில் போட்டுக்கொண்டார். மெல்ல மெல்ல அது பல்லில் ஒட்டிக்கொண்டது. கண்களில் நீர் கூட வந்துவிட்டது. ஒரு வாய்த் தண்ணீரைக் குடித்து அதை விழுங்கிவிட்டு, எங்களைப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு கண்ணு. பிள்ளைங்க ஆசையாக் குடுத்தது” என்றார்.

அதற்கு மேல் எங்களால் தாங்க முடியவில்லை. அன்று டிபன் பெட்டியைப் பார்த்துக் கேலி பேசியவள் முதலில் அழுதாள். “ஆயா, அவளுக்கு வயிற்றுவலியே இல்லை. உங்கள் கைப்பக்குவமும் கெடவில்லை. நாங்கள்தான் அவள் களியைப் பார்த்துச் சிரித்தோம். அதனால்தான் அவள் கொண்டு வருவதில்லை” என்று மூவரும் மாறி மாறிச் சொன்னோம்.

அடுப்படியில் சிறிது நேரம் ஓசையே இல்லை. கூரையில் மழை மட்டும் கொட்டியது. ஆயா பேத்தியைப் பார்த்து, “நெசமாடி?” என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆயா எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டியிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“சோத்தைப் பாத்துச் சிரிச்சா சோறு கோவிச்சுக்காது கண்ணு. பிள்ளை மனசு அப்படியா?” என்றார். பிறகு எழுந்து, “சரி, அடுப்பைப் பத்த வைங்க. களி கிண்டலாம்” என்றார்.

களி கிண்டும் முறையை இங்கே எழுதுகிறோம். வீட்டில் செய்து பாருங்கள். முதலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு கை அரிசி நொய்யைப் போட்டுக் குழைய வேக விட வேண்டும். ஒரு பங்கு ராகி மாவுக்கு இரண்டு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் இருக்கட்டும். பிறகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், துடுப்பால் ஒரு குழி மட்டும் செய்து மூடிவிட வேண்டும். இந்தப் பொறுமைதான் முக்கியம். அவசரப்பட்டுக் கிளறினால் கட்டி தட்டிவிடும். மாவு வெந்து மணம் வந்த பின், பானையை இரு காலாலும் அணைத்துக்கொண்டு துடுப்பால் வேகமாகக் கிண்ட வேண்டும். கையை நனைத்துக்கொண்டு சூட்டோடு உருட்ட வேண்டும்.

உண்பதற்கும் ஒரு முறை உண்டு. சேலத்துக்காரி ஒரு பெரிய துண்டை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினாள். அவ்வளவுதான், மேல்வாயும் கீழ்வாயும் ஒட்டிக்கொண்டன! தம்பி உருண்டு உருண்டு சிரித்தான். களியை மெல்லக் கூடாது. சிறிது கிள்ளி, நடுவில் குழி செய்து, கீரைக் கடைசலில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். அன்று சுக்குட்டிக் கீரைக் கடைசல். முதல் வாய் எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதே உண்மை. மண்ணும் புகையும் கலந்தாற்போல் இருந்தது. மூன்றாம் வாய் பழகிவிட்டது. கடைசி வாய்க்குள் இரண்டாவது உருண்டைக்குத் தட்டை நீட்டிவிட்டோம். எங்கள் தோழி எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து, இரண்டு மாதத்துக்குப் பின் ஆயா உருட்டிய களியை வயிறார உண்டாள். அன்றிரவு எல்லாரும் ஒரே பாயில் படுத்தோம்.

மூன்றாம் நாள் எங்களுக்கு விருந்துதான். காலையில் வெல்லம் போட்ட கடுங்காப்பி, ராகிக் கூழ். மதியம் நாங்கள் குத்திய சாமைச் சோறு, கோடையில் எடுத்து மண்ணில் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டைக் குழம்பு. இரவு கொள்ளுக் கடைசல். கூழ் மட்டும் திருச்சிக்காரிக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. அதை மறைக்காமல் சொன்னாள். “பிடிக்கலைன்னா விடு கண்ணு, அதுக்கென்ன!” என்றார் ஆயா. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் கேலி செய்வதற்கும் எத்தனை தூரம் என்பது அப்போது எங்களுக்குப் புரிந்தது.

பள்ளிக்குத் திரும்பிய பின் மறுபடியும் நூலகத்துக்குப் போனோம். இம்முறை படித்தவை எல்லாம் வேறு விதமாகத் தெரிந்தன. எங்களுக்கு விநோதமாகப் பட்ட சாமை இந்த மண்ணிலேயே தோன்றிய தானியம். ராகி ஆப்பிரிக்காவின் கிழக்கு மலைநாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்தது. நம்முடையவை என்று நாங்கள் எண்ணிய மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை; ஐரோப்பியர் வழியாக நம் அடுப்புக்கு வந்தவை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர்தான் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். முதல் இரவு எங்களுக்காகப் பரிமாறிய உருளைக்கிழங்கு வறுவல்தான் அந்த வீட்டிலேயே வெளிநாட்டு உணவு! நூறு கிராம் ராகியில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டென்றும், அது அதே அளவு பாலில் இருப்பதைப் போல் இரு மடங்குக்கும் கூடுதலென்றும் படித்தபோது, சுவர் பூசவா என்று கேட்டவள் தலையில் குட்டிக்கொண்டாள்.

சேலத்துக்காரி தன் வீட்டுக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னபோது, அவளுடைய அம்மா, “உன் பாட்டி தினமும் களிதான் கிண்டுவார். நான்தான் கல்யாணத்துக்குப் பின் விட்டுவிட்டேன்” என்றாராம். அந்நியம் என்று நாங்கள் எண்ணியது அவள் வீட்டை விட்டுப் போய் ஒரே தலைமுறைதான் ஆகியிருந்தது.

தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் ராபர்ட் தெ நோபிலி இத்தாலியில் 1577-ஆம் ஆண்டு பிறந்தவர். 1606-இல் மதுரைக்கு வந்து, இறைச்சியை விட்டு, ஒரு நாளைக்கு ஒரே வேளை சோறும் காய்கறியும் பாலும் உண்டு வாழ்ந்தார். 1623-இல் சேந்தமங்கலம் வழியாக நம் சேலத்துக்கும் வந்தார். கடல் கடந்து வந்த பிரபு குலத்தவர் ஒருவர் நம் உணவை ஏற்றுக்கொண்டார். நாங்களோ பக்கத்து இருக்கைத் தோழியின் உணவை ஏற்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

கண்காட்சி நாளில் ஆயா நம் பள்ளிக்கு வந்தார். பெட்டியில் வைத்திருந்த நல்ல புடவையை உடுத்தியிருந்தார். மாணவிகள் வரிசையில் நின்று களியை வாங்கினார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் மறுபடியும் வரிசையில் வந்து நின்றார்கள். பெற்றோர் பலர் மாவின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மதர் சுப்பீரியர் மேசையருகே வந்து, “இவர்கள் யார்?” என்று கேட்டார்கள். நாங்கள் வாய் திறக்கும் முன், எங்கள் தோழி ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க ஆயா, மதர்” என்றாள். மண்டபத்தின் கடைசி வரை அக்குரல் கேட்டது.

இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. மூவராக இருந்த நாங்கள் இன்று நால்வர். மதிய உணவை ஒரே மேசையில் உண்கிறோம். அவள் எங்களை மன்னித்துவிட்டாளா என்று நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வாரத்தில் ஒரு நாள் அவள் பெட்டியில் நான்கு சிறிய உருண்டைகள் இருக்கும், திருச்சிக்காரியும் மறுப்பதில்லை. இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் காட்டினோம். நாங்கள் சிரித்ததை எழுதிய பகுதியை அவள் இரண்டு முறை படித்தாள். அதை எடுத்துவிடலாமா என்று கேட்டோம். “இருக்கட்டும், நடந்ததுதானே” என்றாள். களிக்குரிய தண்ணீர் அளவை மட்டும் திருத்தித் தந்தாள்.

அன்புத் தோழியரே! நாளை நம்மில் பலர் மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போவோம். யாரோ ஒருவர் வீட்டில், பெயர் தெரியாத உணவு ஒன்று நம் தட்டில் வந்து விழும். அதை ஆக்கியவரும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அப்போது நமக்கு அந்த ஆயாவின் நினைவு வரட்டும்.